வீட்டில் வேலை பார்க்க ஓர் இடம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்தவர்களிடமும், போட்டித் தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்து படிப்பவர்களிடமும் ஒரே புகாரைக் கேட்கலாம்: "உட்கார்ந்தா ஓடவே மாட்டேங்குது." அவர்களே சொல்லிக்கொள்ளும் காரணமும் ஒன்றுதான், சோம்பேறித்தனம். கொஞ்சம் கிளறிப் பார்த்தால் வேறு சங்கதிகள் வெளியே வரும். மேற்கு வெயில் இறங்கும் அறை, நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் மேஜை, பக்கத்து அறையில் ஓடும் சீரியல். தன்னைத் திட்டிக்கொள்வதற்கு முன் அறையை ஒரு முறை பார்ப்பது நல்லது.

இன்னொரு பக்கம், எடுத்த எடுப்பிலேயே ஆன்லைனில் பெரிய விலை நாற்காலியை ஆர்டர் செய்பவர்களும் இருக்கிறார்கள். அது அடுப்பு மாதிரிக் கொதிக்கும் அறையில் வந்து இறங்கினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எதை முதலில் சரிசெய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே உள்ளது தமிழ்நாட்டு வீடுகளையும் வெயிலையும் மனதில் வைத்து எழுதிய வரிசை.

படி 1: எதையும் வாங்காமல் சில நாள் கவனியுங்கள்

ஒரு காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டு எழும்போதெல்லாம் நேரத்தையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். "11.20, முதுகு." "2.40, வியர்வை." "4.10, பக்கத்து வீட்டு டிரில்லிங்." மூன்று நாள் எழுதினாலே எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அதை முதலில் கவனிக்க வேண்டும். மற்றவை காத்திருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு வாரமாவது பொறுங்கள். 1924இல் தொடங்கி, அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய ஹாவ்தோர்ன் ஆலையில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தி எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். கூட்டினாலும் ஏறியது, குறைத்தாலும் ஏறியது என்று அந்தக் கதையைச் சொல்வார்கள். பிற்காலத்தில் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தவர்கள், கதை அவ்வளவு சுத்தமாக இல்லை என்றார்கள். இருந்தாலும் நமக்கு வேண்டிய எச்சரிக்கை அதில் இருக்கிறது. புது மேஜை வந்த முதல் வாரம் எல்லாருமே நன்றாக வேலை செய்வார்கள். மூன்றாவது வாரம் எப்படி என்று பாருங்கள்.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுங்கள், முதல் கேள்வி சூடு

அலுவலக வேலைகளையும் வெப்பநிலையையும் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து 2006இல் செப்பானன், ஃபிஸ்க் என்ற ஆய்வாளர்களும் மற்றொருவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். 22 டிகிரி வாக்கில் வேலை உச்சத்தில் இருக்கிறது; 30 டிகிரியில் ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. இது பெரும்பாலும் குளிர்நாட்டு அலுவலகங்களின் கணக்கு. வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்பு 28 டிகிரியில் மின்விசிறியோடு சௌகரியமாகவே இருக்கும். ஆனால் மே மாதம் மாடி அறையில் மதியம் 36 டிகிரி இருக்கும்போது எந்த உடம்பாக இருந்தாலும் பாதி கவனம் வியர்வைக்கே போய்விடும்.

அதனால் வீட்டில் எந்த மூலை குறைவாகச் சுடும் என்று தேடுங்கள். மேற்குச் சுவரை ஒட்டிய அறை மதியம் 2 மணிக்கு மேல் ஆகாது. நேர் மேலே மொட்டை மாடி இருக்கும் அறைக்கு வேறு தொல்லை. கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு உள்ளே இறக்கும். வெளியே குளிர்ந்த பிறகும் அறை இரவு பத்து மணி வரை கொதிப்பது இதனால்தான். தரைத்தளத்தில், கிழக்கு அல்லது வடக்குப் பக்கமாக ஒரு மூலை கிடைத்தால் அது சின்னதாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊருக்கு அது முழுக்கப் பொருந்தாது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் காலை மாலை சாய்வெயில் எட்டிப் பார்க்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை தெற்கு ஜன்னலின் முறை. வீடு மாற்றும்போதோ அறையை ஒதுக்கும்போதோ இது தெரிந்திருந்தால் நல்லது.

வேறு அறையே இல்லை, மாடி அறைதான் என்றால் இவற்றைச் செய்து பாருங்கள்:

- ஜன்னலுக்கு நிழலை வெளிப்பக்கமாகக் கொடுங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு அறைக்குள் வந்தாயிற்று. அதன் பிறகு உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் பாதிப் பலன்தான். வெளியே ஒரு மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டினால் வித்தியாசம் தெரியும்.
- மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்டோ அடியுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். சுண்ணாம்புச் செலவு குறைவு என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தட்டோடு பதித்த மாடி என்றால் ஏற்கெனவே கொஞ்சம் தேவலை.
- மதுரை, திருச்சி, வேலூர் போன்ற வறண்ட ஊர்களில் காலை 9 மணிக்கு மேல் ஜன்னலை மூடிவிட்டு, வெளியே குளிர்ந்த பிறகு திறப்பது நல்லது. வெட்டிவேர் தட்டியும் ஏர் கூலரும் அங்கேதான் வேலை செய்யும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். அங்கே கூலர் வாங்குவது காசுக்குக் கேடு. அங்கெல்லாம் மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்றுக்காகக் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைப்பதே உத்தி.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் நேரத்தை மாற்றுங்கள். கோடையில் காலை 6 முதல் 11 வரை கஷ்டமான வேலை, மதியம் மின்னஞ்சல், போன், சில்லறை வேலைகள். மேலதிகாரி ஒத்துக்கொள்ள வேண்டுமே என்பீர்கள். எல்லா வேலைக்கும் இது முடியாதுதான், ஆனால் பலர் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

ஏ.சி. இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இருக்கும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. சின்ன அறையில் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கரியமில வாயு 1000 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 1000 பங்கு) தாண்டிவிடலாம். வெளியே அது 420 சொச்சம்தான். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் ஹார்வர்டு ஆய்வாளர்கள், அலுவலகம் போன்ற ஓர் அறையில் இந்த அளவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். 950, 1400 என்று ஏற ஏற, முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் தேர்வுகளில் மதிப்பெண் இறங்கியது. மதியம் மூன்று மணிக்குத் தலை மந்தமாக இருந்தால் பழியைச் சாப்பாட்டின் மேல் மட்டும் போடாதீர்கள். மணிக்கு ஒரு தரம் ஐந்து பத்து நிமிடம் கதவைத் திறந்து வையுங்கள். குளிர் கொஞ்சம் போகும், போகட்டும். 2020 முதல் வரும் புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. மின்விசிறியையும் சேர்த்து ஓட்டினால் 26இல் வைத்துக்கூடச் சமாளிக்கலாம்.

படி 3: சத்தத்தைப் பிரித்துப் பாருங்கள்

எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி தொந்தரவு செய்வதில்லை. மின்விசிறி இரைச்சல், மழை, தூரத்து வாகன ஓட்டம் இவையெல்லாம் சீராக இருப்பதால் மூளை சீக்கிரம் பழகிவிடும். வேலையைக் கெடுப்பது நமக்குப் புரியும் பேச்சு. எழுதும்போதும் படிக்கும்போதும் நாம் சொற்களைத்தான் கையாள்கிறோம். காதில் விழும் சொற்கள் அங்கேயே வந்து மோதுகின்றன. பக்கத்து அறையில் மாமியாரும் மருமகளும் தமிழில் சண்டை போடும் சீரியல், தெரியாத மொழிச் செய்தியைவிட அதிகம் இழுப்பது இதனால்தான். பாட்டு கேட்டுக்கொண்டு வேலை செய்பவர்களும் இதையே கவனத்தில் வைக்கலாம். சொற்களோடு செய்யும் வேலைக்கு வரியில்லாத வீணையோ நாதஸ்வரமோ போதும். பழகிப்போன கைவேலைக்கு எந்தப் பாட்டும் சரி.

சத்தத்தைத் தடுக்க கனமான திரை வாங்காதீர்கள். துணி எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தை நிறுத்தாது. சத்தம் உள்ளே வருவது இடுக்கு வழியாக. கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அங்கே ரப்பர் பட்டையை ஒட்டுங்கள், அல்லது ஒரு பழைய போர்வையைச் சுருட்டிப் போடுங்கள். எதிரொலி வேறு சங்கதி. டைல்ஸ் தரையும் வெறும் சுவருமான அறையில் மீட்டிங் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிர்முனையில் கேட்கும். தரையில் ஒரு ஜமக்காளம், ஒரு பக்கம் துணி அலமாரி இருந்தால் போதும், குரல் தெளிந்துவிடும்.

ஆடி மாதக் குழாய் ஸ்பீக்கரை ரப்பர் பட்டை நிறுத்தாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல் வரம்பு உண்டு, அது எங்கே கடைப்பிடிக்கப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும். திருவிழா நாட்களை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவைத்து, அன்றைக்கு முக்கியமான மீட்டிங் வைக்காமல் இருப்பது சண்டைக்குப் போவதைவிட லாபம்.

படி 4: மேஜை, நாற்காலி. அளவு நாடாவை எடுங்கள்

கடையில் விற்கும் சாப்பாட்டு மேஜையும் எழுத்து மேஜையும் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை 40 செ.மீ. சொச்சம். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவர் அதில் உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து 65 செ.மீ. வாக்கில் இருக்கும். மேஜையோ 10 செ.மீ. மேலே. தட்டச்சு செய்யத் தோளைத் தூக்க வேண்டும். நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே இருந்தால் சாயங்காலம் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

அளப்பது சுலபம். நிமிர்ந்து உட்கார்ந்து, மேல்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். விசைப்பலகை அந்த உயரத்தில் இருக்க வேண்டும். மேஜைக் காலை அறுக்க முடியாது என்றால் இருக்கையைத் தலையணை போட்டு உயர்த்துங்கள். கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கினால் தொடைக்கு அடியில் மரத்துப்போகும். ஆகவே காலுக்கு ஒரு மணைப்பலகை. தலையணையும் மணையும் எல்லார் வீட்டிலும் இருப்பவை.

அடுத்தது மடிக்கணினி. திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் ஒன்று சரியானால் மற்றது தப்பாகும். கைக்குத் தோதாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குத் தோதாக வைத்தால் கை உயரும். நான் சொல்லும் பட்டியலில் காசு கொடுத்து வாங்க வேண்டிய முதல் பொருள் தனி விசைப்பலகையும் மவுஸும்தான். மடிக்கணினியைத் தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி, ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். நல்ல நாற்காலியை இதற்குப் பிறகும் வலி இருந்தால் வாங்குங்கள்.

தரையில் உட்கார்ந்து வேலை செய்யலாமா என்று பலர் கேட்பதுண்டு. பாடம் எழுதவும் படிக்கவும் சாய்வு மேசையோடு தாராளமாகச் செய்யலாம், பழக்கம் இருந்தால் சுகமாகவே இருக்கும். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சம்மணம் போடுவதுதான் கூடாது. எந்த நிலையாக இருந்தாலும் அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். குடத்தை வேண்டுமென்றே சமையலறையிலேயே விட்டுவையுங்கள்.

படி 5: வெளிச்சம்

திரையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையில் பளிச்சென்று அடிக்கும், வீடியோ காலில் முகம் கறுப்பாகத் தெரியும். நேர் எதிரே இருந்தால் கண் கூசும்.

ராத்திரிக்கு அறையின் டியூப்லைட் மட்டும் போதாது. பத்துக்குப் பத்து அறையில் ஒரு 20 வாட் எல்.ஈ.டி. டியூப் மேஜை மேல் சுமார் 100, 150 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் கொடுக்கும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் 300 முதல் 500 வரை வேண்டும். ஒரு மேஜை விளக்கு வைத்தால் தீர்ந்தது. வலக்கைக்காரர்கள் அதை இடப்பக்கம் வைத்தால் எழுதும் கையின் நிழல் விழாது.

படி 6: கரண்ட்டும் இன்டர்நெட்டும்

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 2 வரையோ, ஊரைப் பொறுத்து மாலை வரையோ நீளும். செய்தித்தாளில் முந்தைய நாளே பகுதிவாரியாகப் போடுவார்கள். மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கினால் சில மணி நேரம் ஓட்டலாம். சில ஃபைபர் இணைப்புகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு "யு.பி.எஸ். போட்டும் நெட் வரலையே" என்று புலம்புவார்கள். உங்கள் தெருவில் கேபிள்காரர் வைத்திருக்கும் பெட்டிக்கும் பேட்டரி இருக்கிறதா என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் யு.பி.எஸ். வீண், போன் ஹாட்ஸ்பாட்தான் கதி.

படி 7: போன்

வேறு அறையில் வையுங்கள். 2017இல் வெளியான டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், போனை வேறு அறையில் விட்டவர்கள் மேஜை மேல் கவிழ்த்து வைத்தவர்களைவிடச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் அதே சோதனையைச் செய்த எல்லாருக்கும் அதே விடை கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, எழுந்து போய் எடுக்கும் சோம்பலே பாதி வேலையைச் செய்துவிடும்.

படி 8: வீட்டு மனிதர்கள்

இருப்பதிலேயே கஷ்டமான படி. வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பதாகத்தான் வீட்டுக்கு அர்த்தம். "சும்மாதானே பேசிட்டிருக்கே, அப்படியே இந்தத் தேங்காயைத் துருவிக் கொடுத்துடேன்" என்று அம்மா கேட்பதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் குறுக்கீட்டின் விலை அந்த இரண்டு நிமிடத்தோடு முடிவதில்லை. கலிபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் அலுவலகங்களில் உட்கார்ந்து கவனித்தபோது, தடைபட்ட வேலைக்கு மக்கள் திரும்பி வர சராசரியாக 23 நிமிடம் ஆனது தெரிந்தது. அந்த 23 நிமிடமும் அவர்கள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை; இடையில் சராசரியாக இரண்டு வேறு வேலைகளில் இறங்கிவிட்டார்கள். வீட்டிலும் இதுதான் நடக்கும். தேங்காய் துருவப் போனவர் பால் பாக்கெட் கணக்கையும் பார்த்துவிட்டு, வாசலில் கூரியரையும் வாங்கிக்கொண்டு வருவார்.

"என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றால் எடுபடாது, மனஸ்தாபம்தான் மிஞ்சும். எப்போது கூப்பிடலாம் என்று சொல்லுங்கள். "அம்மா, பதினொரு மணிக்கு டீக்கு வருவேன், அப்ப எல்லாத்தையும் சொல்லுங்க." சொன்னபடி பதினொரு மணிக்குப் போக வேண்டும். நான்கு நாள் ஒழுங்காகப் போனால் மற்ற நேரத்தில் கூப்பிடுவது தானாகக் குறையும். கதவு இல்லாத வீட்டில் ஹெட்போன் மாட்டியிருந்தால் வேலை, கழற்றியிருந்தால் பேசலாம் என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். சின்னப் பிள்ளைகள்கூட இதைப் புரிந்துகொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் கொஞ்ச நாள் பிடிக்கும்.

கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பல குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. கதவுள்ள அறை அவருக்கு, சமையலறைக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டு மேஜை அவளுக்கு. குக்கர் விசில் எண்ணுவதும், வாசல் மணிக்கு எழுவதும் அந்த மேஜையோடு சேர்ந்து வந்துவிடும். மேலே சொன்ன எல்லாப் படிகளையும் ஒருவர் மட்டும் அனுபவித்தால் வீட்டில் பாதி வேலைதான் நடக்கும். வாரம் மாற்றி வாரமாவது அறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 9: வீட்டில் முடியவே முடியாது என்றால்

ஒரே அறை, ஐந்து பேர் என்ற வீட்டில் இந்தப் படிகளில் பாதி செல்லாது. அப்போது வெளியே தேடுவதுதான் வழி. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்திருக்கிறது. சென்னை கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிப்பவர்களுக்கு ஓர் இடமும், மடிக்கணினியோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஓர் இடமும் தனித்தனியாக உண்டு, கட்டணமும் கட்டுப்படியாகும். மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட மைய நூலகத்தை ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். பார்க்கும்போது ப்ளக் பாயின்ட் எந்த மேஜைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, போன் பேச வெளியே இடம் உண்டா, மதியச் சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிடலாம் என்ற மூன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மீட்டிங் அதிகம் உள்ள நாளுக்கு நூலகம் சரிப்படாது. அமைதியாக எழுத வேண்டியதையும் படிக்க வேண்டியதையும் சேர்த்துவைத்து, வாரத்தில் இரண்டு நாளை அதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நெருங்கும் மாதங்களில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், தாமதித்தால் ப்ளக் பாயின்ட் பக்கத்து இடம் கிடைப்பது கஷ்டம்.